மாலை போட்ட படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

யாலிங் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? மவுயி தீவில், ஹோட்டல் சலவை அறையில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

லீவு நாளில் அண்ணனின் ஐஸ் வண்டிக்குப் போனேன். உன்னைப் போலவே பால் ஐஸை ஏடு ஏடாகச் சீவி, சேப்பங்கிழங்கு மசியல் போட்டுத் தருகிறான். வண்டி முகப்பில் உன் படம், அதற்கு ஒரு பூமாலை. இங்கே உயிரோடு இருப்பவர்களுக்கும் தினம் மாலை போடுவார்கள். அதனால் எனக்குப் பெருமையாக இருந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இந்த ஊர்க்காரி புவானானி அக்கா உன் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

"பாவம், சாகுறதுக்கு முந்தின நாள்தான் மகனுக்கு இந்தப் பக்குவத்தச் சொல்லிக் குடுத்தாங்களாம்."

அண்ணன் ஜன்னலில் குனிந்து நம் மொழியில் சொன்னான்: "வாயத் தொறக்காத. செத்த அம்மாவோட கைப்பக்குவம்னாதான் வரிசையில நிக்கிறாங்க. உசுரோட இருந்தா இது வெறும் ஐஸு."

எனக்கு அழுகை வந்தது. அக்கா கட்டிக்கொண்டு, "உனக்கும் அம்மா இல்லையா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அண்ணன் ஒரு கரண்டி மசியல் கூடுதலாகப் போட்டான்.

கவலைப்படாதே, படத்தில் அழகாகத்தான் இருக்கிறாய்.

என் கைவலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி அனுப்பு. நீ போட்ட பழைய சட்டை ஒன்றும் அனுப்பு, துவைக்காமல். துவைத்த துணி இங்கே நிறைய இருக்கிறது.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அண்ணனுக்கு மட்டும் மதியத்தில் வீடியோ கால் போடாதே. அப்போதுதான் கூட்டம். ஃபோனை ஜன்னலோரம் வைத்திருப்பான். உன் முகம் தெரிந்துவிடும்.

உன் மகள்,
யாலிங்