ஷில்லாங் கோயிலின் அடியில் மணல்

ஷில்லாங்,
28-8-1950

அன்புள்ள கமலவல்லி,

சுதந்திர தினத்தன்று விளக்கு வைத்த பிறகு இங்கே பூமி ஆடியது. அலமாரி சாய்ந்து என் தோளில் அடி. இப்போது தேவலை.

1897இல் ஆடியபோது ஊரில் கல் கட்டடங்களெல்லாம் விழுந்தனவாம். அதனால் எங்கள் பெரிய மாதா கோயிலை எழுப்பும்போது பாறையில் பள்ளம் வெட்டி, மணல் கொட்டி, அதன்மேல் கட்டினார்களாம். அக்டோபர் எட்டாம் தேதி புதிதாய்ப் பிறந்த தம்பிக்கு அங்கே ஞானஸ்நானம். நான்தான் பாடுகிறேன், தமிழில்!

நம் திருச்சிப் பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் கேட்டார்களா?

உன்,
இருதயமேரி

ஸ்ரீரங்கம்,
6-9-1950

அன்புள்ள மேரி,

மணல்மேலா? நீதிபோதனை வகுப்பில் சிஸ்டர் சொன்ன கதை மறந்துவிட்டதா? புத்தியில்லாதவன் மணல்மேல் வீடு கட்டினான், வெள்ளம் வந்தது, விழுந்தது. உங்கள் வேதத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது! உள்ளே காலெடுத்து வைக்காதே. சத்தியம் செய்து எழுது.

கமலவல்லி

ஷில்லாங்,
18-9-1950

கமலவல்லி,

சத்தியம் செய்துவிட்டேன். "சாமி இருக்கிற எடத்துக்கே பயப்படுறியா?" என்றார் அப்பா. உன் கடிதத்தைக் காட்டினேன். "அக்கா இல்லாமலே நடக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். தம்பி என் பாட்டுக்குத்தான் தூங்குவான். பூமி இன்னும் அவ்வப்போது நடுங்குகிறது.

நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மேரி

ஸ்ரீரங்கம்,
27-9-1950

அன்புள்ள மேரி,

நான் சொன்னது தவறு. கதையில் வந்தது வெள்ளம். அது மணலை அரிக்கும். உங்களுக்கு வந்தது நடுக்கம். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவிட்டேன். ஆகவே செய்து பார்த்தேன்.

ஒரு தாம்பாளத்தில் காவேரி மணலைப் பரப்பிப் பலகை வைத்தேன். இன்னொன்றில் பலகையை மாவால் ஒட்டினேன். இரண்டின்மேலும் அப்பாவின் கஷாயப் புட்டிகள். "தளிகைப் பாத்திரத்துல மணலாடீ! உனக்குப் பைத்தியமா?" என்று அம்மா ஓடி வருவதற்குள் இரண்டு தாம்பாளத்தையும் வெடுக்கென்று இழுத்தேன். ஒட்டியதில் இருந்த புட்டி கவிழ்ந்து பாவாடையெல்லாம் கஷாயம். மணல்மேல் பலகை வழுக்கியது, புட்டி நின்றது!

பத்துத் தடவை செய்தேன். மணல்மேல் இருந்தது எட்டுத் தடவை நின்றது. மீதி இரண்டை மறைக்க மாட்டேன்.

சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். கதவருகே நின்றாவது பாடு. இதை உன் அப்பாவிடம் காட்டு.

வெட்கத்துடன்,
கமலவல்லி

ஷில்லாங்,
9-10-1950

என் கமலவல்லிக்கு,

அப்பா இரண்டு முறை படித்தார். "விழுந்த ரெண்டையும் எழுதியிருக்கே இந்தப் புள்ள! இவளை நம்பலாம், நீ பாடு" என்றார்.

நான் கதவருகே நிற்கவில்லை, நடுவில் நின்றேன். இரண்டாம் சரணத்தில் பூமி நடுங்கியது. தொங்கு விளக்குகள் ஆடின. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் சரணத்தைத் தொடங்கினேன்.

தம்பி விழிக்கவே இல்லை.

உன்,
இருதயமேரி