நூறாவது ஆட்டத்தில் ஸ்டெல்லா விழுந்தாள், டாடி

என் செல்ல டாடிக்கு,

உங்களை அடக்கம் செய்த மூன்றாம் நாள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உங்கள் கேம் மெஷின் கிடைத்தது. மூடினால் தூங்கி, திறந்தால் விழிக்கிற ரகம். மூடியைத் திறந்தேன். ஒரு சண்டை பாதியில் நின்றிருந்தது. மேலே ஒரு வரி: தொடர் வெற்றி 99. ஓரத்தில் பேட்டரி விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

நூறாவது ஆட்டத்தின் நடுவிலா போனீர்கள்? காலையில் மம்மி காபியோடு வந்து எழுப்பியபோது, அது உங்கள் கையிலிருந்துதான் நழுவியதா?

அந்தக் கோபுரத்தின் விதி உங்களுக்குத் தெரியாததல்ல. நம்மிடம் மூன்று மிருகங்கள், எதிரியிடம் மூன்று. ஜெயித்தால் அடுத்த எதிரி. ஒரே ஒரு தடவை தோற்றாலும் எண்ணிக்கை பூஜ்யம். சண்டை நடுவில் மெஷின் அணைந்தாலும் தோல்விதான்.

டயாலிசிஸில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களே என்று நான்தான் அந்தப் பழைய மெஷினை வாங்கித் தந்தேன். எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டியதும் நான்தான். முதலில் விளையாட்டாகத்தான் ஆடினீர்கள். போன மழைக்காலத்தில் திடீரென்று டீமையே கலைத்தீர்கள். நான் ஆசையாக வளர்த்துக் கொடுத்த நெருப்பு டிராகனை வெளியே தள்ளினீர்கள்.

"பத்துல ஒரு தடவ அதோட குறி தப்புதும்மா. ஒரு சண்டைன்னா பரவால்ல. நூறு சண்டைல எத்தன தடவ தப்பும்? எனக்கு பலசாலி வேணாம், நிச்சயமா அடிக்கிறவன் வேணும்."

எதிரியைத் தூங்கவைக்கும் மிருகத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நினைத்து 'ஃபாதர்' என்று பெயர் வைத்தீர்கள். எத்தனை அடி விழுந்தாலும் தாங்குகிறவளுக்கு மம்மி பெயர், ஸ்டெல்லா. கடைசியில் பாய்ந்து முடிப்பவன் புல்லட். "அடி வாங்குற வேலைக்கு மட்டும் என் பேரா?" என்று மம்மி ஒரு நாள் முழுக்க உங்களோடு பேசவில்லை. நான் அதைப் பயந்தாங்கொள்ளி டீம் என்று கேலி செய்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

சார்ஜர் வீட்டில் இல்லை. அந்த மெஷினுக்குத் தனி பின், வேறெதுவும் சேராது. டயாலிசிஸ் சென்டரில் விட்டிருப்பீர்கள் என்று சொன்னது மம்மிதான். மெஷினை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். லிங்கராஜபுரம் பிரிட்ஜ் மேல் ஒரு வண்டியும் அசையவில்லை. இரண்டு தடவை டிக்கியைத் திறந்து பார்த்தேன். விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

உங்கள் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஜாவீத் பாய், கையில் ஊசியும் குழாயுமாக. சார்ஜர் அவருடைய பையில் இருந்தது. என்னை உருதுவில் மகளே என்று கூப்பிட்டார்.

"யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நானே வச்சிருந்தேன், பேட்டி."

செருகினேன். சிவப்பு நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அவர் திரையைப் பார்த்தார், முகம் மாறியது.

"உங்கப்பா உங்கிட்ட சொல்லலியா? போன மழைக்காலத்துல நான் இங்க வர்றத நிறுத்திட்டேன். போதும்னு தோணுச்சு. அவர் நேரா என் வூட்டுக்கே வந்துட்டார். 'நான் தோக்கற வரைக்கும் நீங்க வரணும் பாய். தோத்துட்டா உங்க இஷ்டம்'னார். ரெண்டு நாள்ல தோத்துடுவார்னு நெனச்சுதான் சரின்னேன்."

டாடி, இதற்காகவா அந்த டீம்? ஒவ்வொரு பட்டனையும் அழுத்தும்போது இவரை நினைத்துக்கொண்டா அழுத்தினீர்கள்?

"ஆடு பேட்டி. நான் பாக்கறேன்," என்றார்.

ஃபாதர் ஏற்கெனவே விழுந்திருந்தார். ஸ்டெல்லாவுக்குப் பாதி உயிர். புல்லட் முழு பலத்தோடு காத்திருந்தான். எதிரியிடம் கடைசியாக ஒரே ஒரு பாறை அரக்கன். புல்லட்டை உடனே இறக்கினால் ஒரே அடியில் முடியலாம், முடியாமலும் போகலாம். ஸ்டெல்லா இன்னும் ஒரு அடியைத் தாங்கி அவனைப் பலவீனமாக்கிவிட்டால், புல்லட்டின் அடி நிச்சயம். நானாக இருந்தால் புல்லட்டை இறக்கியிருப்பேன். உங்களுக்காக ஸ்டெல்லாவை நிறுத்தினேன்.

அரக்கன் முந்திக்கொண்டான். எப்போதாவது விழும் இரட்டை அடி அப்போது விழுந்தது. ஸ்டெல்லா சாய்ந்தாள். புல்லட் பாய்ந்தான், அரக்கனுக்கு நூலளவு உயிர் மிச்சம். அவன் திருப்பி அடித்தான்.

தொண்ணூற்றொன்பது பூஜ்யமானது.

"உங்கப்பாவா இருந்தா என்ன பண்ணிருப்பார்?"

"இதையேதான் பாய்."

"அப்போ நீ தோக்கல. அவர்தான் தோத்தார். தோத்துட்டா என் இஷ்டம்னுதான பேச்சு? பேச்சு பேச்சுதானே."

"சனிக்கிழமை வருவீங்கல்ல?"

அவர் சார்ஜரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை போனேன். அவருடைய நாற்காலி காலி. நர்ஸ் இரண்டு தடவை போன் செய்துவிட்டு வேறு நோயாளியைக் கூப்பிட்டார். நான் அந்தச் சண்டையைத் தொடாமலே இருந்திருந்தால்? பேட்டரி செத்திருக்கும், அதே பூஜ்யம்தான். ஆனாலும் பட்டனை அழுத்தியது என் விரல்தானே?

நர்ஸிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்தவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேசினால் மூச்சு வாங்கியது.

"எதுக்கு வந்தே? நக்கோ. வேணாம்மா எனக்கு."

சமாதானம் சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது வேறு. "பாய், ஃபாதர முதல்ல இறக்கறது சரிதானா?"

அவர் முறைத்தார். "தப்பு! உங்கப்பாகிட்ட எத்தன தடவ சொன்னேன்! தூங்காத எதிரி வந்தா அவனால என்ன பிரயோஜனம்? தாங்கறவளத்தான் முன்னால விடணும்."

"அப்போ மூணாவது யாரு?"

"அத இப்படி நின்னுக்கிட்டு சொல்ல முடியுமா?"

"சென்டர்ல உக்காந்து சொல்லுங்க. ஆட்டோ வெளியில நிக்குது."

கதவைப் பிடித்தபடி நின்றார். நான் வேண்டிக்கொண்டேன், டாடி. உங்களிடமா கர்த்தரிடமா என்று தெரியவில்லை. பிறகு குனிந்து செருப்பைத் தேடினார். வீங்கிய கால் அதற்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு ஆட்டோவில் ஏறினார்.

இப்போது ஸ்டெல்லா முன்னால் நிற்கிறாள். ஃபாதருக்கு ஓய்வு. எதிரி எதைப் போட்டாலும் ஏற்காமல் தட்டிவிடும் ஒருவனைப் பாய் தேர்ந்தெடுத்தார். அவனுக்குப் பெயர் நக்கோ. இருபத்து மூன்று வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்துவதற்கு முன் பாயின் முகத்தைப் பார்க்கிறேன். உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? எப்படிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தீர்கள்?

நான் பந்தயம் எதுவும் கட்டவில்லை. தோற்றால் மறுபடி ஒன்றிலிருந்து என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பாய் அதற்கு, "அடுத்த எதிரி யாரு, பாரு" என்றார்.

நூறு வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அது என் கையில் இல்லை என்று பார்த்துவிட்டேன். ஆனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அங்கேதான் உட்காருவேன். என்றைக்காவது அவர் வரவில்லையென்றால், அன்றைக்கே போய் அவர் கதவைத் தட்டுவேன். இது சத்தியம், டாடி.

உங்கள் பெயரை இனிஷியலாகச் சுமக்கும் மூத்த மகள்,
ஷீபா