கெட்டில் போட்ட லேஸ்

மயிரிழையினும் மெல்லிய படலங்களின் மகாராணியாகிய என் அக்காள் மகளுக்கு, மூவுலகும் மெச்சும் உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம்.

உன் கடிதமும் மைக்ராஸ்கோப் படமும் வந்தன. உன் ஆய்வுக்கூடத்தில் பாலிமர் கரைசலைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பம்பரமாய்ச் சுழற்றினால், முகம் பார்க்கும் வழுவழுப்பில் படலம் வரவேண்டுமாம். உனக்கு வாரக்கணக்கில் ஓட்டையாகவே வந்ததாம். கடைசியில் பார்த்தால், பக்கத்து மேசையில் நீ திருட்டுத்தனமாய்த் தேநீர் கொதிக்கவைத்த கெட்டில்! கரைசல் காயும்போது படலம் சில்லிட, நீராவி துளித்துளியாய் அதன்மேல் உட்கார்ந்து, துளி இருந்த இடமெல்லாம் குழி. உன் பேராசிரியர் போட்ட சத்தத்தில் இங்கே நம் தெருவில் இரண்டு ஜன்னல் விரிசல் விட்டன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூட்டை கட்டுகிறேன் என்று முடித்திருக்கிறாய்.

அது இருக்கட்டும். போகாதே என்றதை மீறி நீ விமானம் ஏறியதிலிருந்து, உன் பேச்சை எடுத்தாலே உன் அம்மா தையல் மெஷினை ரயில் வேகத்தில் மிதிப்பாள், தெரியுமல்லவா? உன் கடிதம் வந்த அன்று அந்தப் படத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். தேன்கூடு மாதிரி வரிசை பிசகாத குழிகள். "யாருடா இவ்வளவு நேர்த்தியா லேஸ் போட்டது?" என்றாள். "உன் மகளோட கெட்டில்" என்றேன். சிரித்தாள் பார், நூல்கண்டு நாலு திசைக்கும் உருண்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேநீர் இல்லாம அவளுக்கு ஒரு வேலையும் ஓடாதே" என்றாள்.

இப்போது படம் சட்டம் போட்டு மெஷினுக்கு மேல் தொங்குகிறது. துணி தைக்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் அளவு கொடுக்க முடியாது. ஒருத்தி அதே லேஸ் வேண்டுமென்று கேட்டுவிட்டாள். "என் பொண்ணு வெளிய ஆர்டர் எடுக்கிறதில்ல" என்று பதில் போயிற்று.

கெட்டிலை நகர்த்திவிட்டுச் சுழற்றிப் பார்த்தாயா? அதை எழுதவில்லையே, கழுதை. பார்க்காமல் மூட்டையோடு வந்தால் வாசலில் என் தொப்பையைக் குறுக்கே போட்டு மறிப்பேன். மலையைத் தாண்டினாலும் அதைத் தாண்ட முடியாது. விடுமுறைக்கு வந்தால் யானைமேல் ஊர்வலம். யானைக்கு நான் பொறுப்பு.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. படத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்திருக்கிறது. வழுவழுப்பாய் வரப்போகும் படலத்தின் படத்துக்கு அந்த இடமாம். அடித்தது நானில்லை. ஒரு தரம் அம்மாவுக்குப் போன் பண்ணு, கண்ணு. முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள், பயந்துவிடாதே.

ஓட்டையோ வழுவழுப்போ, நீ நன்றாயிரு.

உன் மாமன்