கதவிடுக்கில் வந்த உத்தரவு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ அழுகையை நிறுத்திவிட்டாய் என்று எழுது, எங்களுக்கு அது போதும்.

மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க என்று உன் மேலதிகாரியே கேட்டாராம், நீ சொன்னாயாம், மறுநாளே உன் மேசையை ஜெராக்ஸ் மெஷின் பக்கம் தள்ளிவிட்டாராம். அப்படியே என் ரத்தம். உன்னிடம் மறைத்துவிட்டேன், எனக்கும் இதே கதைதான். எங்கள் கட்டிட மேனேஜரும் எல்லோரையும் உட்கார வைத்து, பயப்படாம சொல்லுங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று தேனொழுகப் பேசினார். இரண்டாம் லிஃப்டின் கதவு எந்த நேரமும் மாட்டிக்கொள்ளும், நீங்கள் பார்க்காமலே பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். இருபத்தாறு வருஷ லிஃப்ட் மெக்கானிக்கான என்னை அடுத்த திங்களே வாசலில் வண்டி நம்பர் எழுத உட்கார வைத்தார்.

போன வியாழக்கிழமை அதே லிஃப்டில் அவரே மாட்டிக்கொண்டார். புது மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் நின்றிருந்த ஏழாம் மாடிக்கு ஆற அமரப் படியேறினேன். கதவிடுக்கில் வாயை வைத்து, நான் வாசல் ஆளுங்க சார், லிஃப்டைத் தொடணும்னா எழுத்துல உத்தரவு வேணும், அந்தக் கதவைப் பத்தி நான் சொன்னது சரிதான்னும் சேர்த்து எழுதிடுங்க என்றேன். கத்தினார், கெஞ்சினார், கடைசியில் எழுதி இடுக்கு வழியே நீட்டினார். தேதி போடவில்லை என்று திருப்பி உள்ளே தள்ளினேன். நாற்பது நிமிஷம் குட்டிம்மா, என் வயிறு குளிர்ந்தது. இன்றைக்கும் அந்த ஆளுக்காக எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

கதவைத் திறந்தால் அவருக்குப் பின்னால், மூலையில், தரை துடைக்கும் பெண்மணி ஒருவர் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏம்மா ஒரு குரல் கொடுக்கலை என்று கேட்டதற்கு, மேனேஜர் பேசிக்கிட்டிருக்கும்போது நான் எப்படிங்க வாயைத் திறக்கிறது என்றார். அன்றிலிருந்து வாளியோடு பத்து மாடியும் படியேறித்தான் போகிறார். மேனேஜரைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குவார், இப்போது என்னைக் கண்டாலும் ஒதுங்குகிறார்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ராஜினாமா மட்டும் எழுதிவிடாதே, அங்கேயே உட்கார், உன் மேலதிகாரிக்கும் ஒரு நாள் வரும், விடாதே. கூட யார் மாட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

உன் அப்பா