பதினோரு வருட அனுபவம், என் பெயரில்

நாகலாபுரம்
14.11.2003

அன்பு மகள் இந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் பதினெட்டு ஆடுகளும் சுகம், அதில் ஆடுகள் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ போனில் சொல்லும் "நல்லாருக்கேம்மா"வை நான் நம்புவதாக இல்லை, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினாயே, அதிலேயே தெரிந்துவிட்டது. மழை நன்றாகப் பெய்தது, உளுந்து பச்சை பிடித்து நிற்கிறது, உன் அப்பாவின் இடது செருப்பு மட்டும் ஓடைக்காட்டுச் சகதியில் போனது போனதுதான்.

நீ போனில் சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், கம்பெனியில் இருக்கிற வேலையிலேயே கடைசி வேலை, அதற்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்கிறார்களாமே, வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும், ரேஷன் கடையிலா போடுகிறார்கள்? இன்டர்வியூவில் கேள்வி கேட்ட அந்த மேனேஜர் என்ன, பிறக்கும்போதே அனுபவத்தோடு பிறந்தாரா? இந்த ஊரில் கல்யாணத்துக்கு மட்டும்தான் ஒருவரும் முன் அனுபவம் கேட்பதில்லை, கேட்டிருந்தால் உன் அப்பா தேறியிருக்க மாட்டார். ஒரு கம்பெனி மட்டும் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தால் அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்றதாகவும், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாய். அதை உன் அப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. "சம்பளம் தரமாட்டானாம், வேல மட்டும் வாங்குதானாம், எந்த ஊரு நியாயம் இது, தை பொறந்ததும் அவள வரச் சொல்லு, கண்ணபிரானுக்குப் பேசி முடிச்சிருவோம்" என்று குதித்தார். உன் அத்தை மகன் கண்ணபிரானை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல பையன், பைக்கைத் தினம் இரண்டு முறை துடைக்கிறான். அவனுக்கும் வேலை கிடையாது, ஆனால் அவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

சரி, நம் தீப்பெட்டிக் கம்பெனி சுந்தரபாண்டியன் அண்ணாச்சியிடம் நீ அவர் ஆபீசில் இரண்டு வருடம் இருந்ததாக ஒரு சான்றிதழ் வாங்கச் சொன்னாயே, அதற்கும் உன் அப்பாவைத்தான் கோவில்பட்டிக்கு அனுப்பினேன். அண்ணாச்சி, "பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் மாயகிருஷ்ணா, செஞ்ச வேலைக்கு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடுதேன்" என்றாராம். உடனே உன் அப்பா, "எம்மவ ஏழு வயசுலருந்து உங்களுக்குப் பெட்டி ஒட்டியிருக்காளே" என்று போட்டு உடைத்துவிட்டார். அண்ணாச்சி ஆடிப்போய், "சத்தமாச் சொல்லாதடே, லேபர் ஆபீசர் காதுல விழுந்தா கம்பெனியப் பூட்டிட்டுப் போயிருவாரு" என்று கதவைச் சாத்தினாராம். பிறகு வீட்டில் ஒட்டிய பெட்டிக்குக் கணக்கு எழுதும் அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார், உனக்குத்தான் தெரியுமே, வீட்டில் எத்தனை கை ஒட்டினாலும் அட்டை ஒன்றுதான், அதில் பெயரும் ஒன்றுதான். வட்ட முத்திரை குத்தி இங்கிலீஷில் அடித்த காகிதத்தை உன் அப்பா பிளாஸ்டிக் கவரில் போட்டு மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நீட்டினார். எட்டாம் வகுப்பு படித்த எனக்கு என் பெயரைப் படிக்கத் தெரியாதா? சத்தியபாமா, பதினோரு வருட அனுபவம், நன்னடத்தை. கும்பிடு போட்டு வாங்கிவந்த சான்றிதழ் உனக்கில்லை, எனக்கு!

மறுநாள் நானே பஸ் ஏறிப்போய் அண்ணாச்சியை ஒரு பிடி பிடிப்பது என்று போனேன். காகிதத்தை மேசையில் வைத்தேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தான் எழுதியதைத் தானே முதல் தடவை பார்ப்பது போலப் படித்தார், படித்துவிட்டு, "பதினோரு வருசமா? ஏம்மா, நாகலாபுரத்துல வீட்டுக்கு வீடு அட்டை கொடுத்து ஒட்டின பெட்டியச் சரிபாத்து வாங்க அனுபவம் உள்ள ஆள் ஒண்ணு தேடுதேன், நீயே பாரேன், மாசச் சம்பளம்" என்கிறார். நான் சண்டைக்கு என்று எடுத்து வைத்திருந்த வார்த்தையை எல்லாம் விழுங்கிவிட்டுச் சரி அண்ணாச்சி என்றேன். இந்துஜா, நீ பி.காம். படித்து ஒரு வருடமாக அலைகிறாய், எனக்கு அரை மணி நேரத்தில் வேலை கிடைத்துவிட்டது. வாசலில் நின்று சிரித்தேன், பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசைச் சட்டியின் முன் உட்கார்வாயே, பரீட்சைக்குப் படிக்கும்போதும் மடியில் பெட்டி இருக்குமே, அந்தப் பதினோரு வருடத்தில் பாதி உன்னுடையது. அட்டையில் உன் பெயரைப் போட முடியாது, அதனால் முழுவதும் எனக்கு வந்துவிட்டது. கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதனால் நீ தைக்கு வரவேண்டாம். அந்தக் கம்பெனியில் போய் உட்கார், ஆறு மாதமும் ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் என் சம்பளத்திலிருந்து மணியார்டர் வரும். அம்மா தருகிறாள் என்று தயங்காதே, அது நீ ஏழு வயதிலிருந்தே வேலை பார்த்துச் சம்பாதித்தது. உன் அப்பாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன், ஒரு ஆட்டைப் பிடித்து உண்ணி பொறுக்கினார், பிறகு, "அவ அங்கன ஒழுங்காச் சாப்பிடுதாளான்னு கேளு" என்றார். அவர் சம்மதம் அப்படித்தான் இருக்கும்.

நம் குலசாமி உன் கூடவே நிற்கட்டும், நீ நினைத்த நாற்காலியில் உட்கார வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. ஆறு மாதம் கழித்து அவர்கள் சான்றிதழ் தரும்போது வாங்கிப் பையில் வைத்துவிடாதே, அங்கேயே நின்று, அதில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. சத்தியபாமா