ஓஸெல்லா அம்மாவின் இடத்தில் கட்டிய துணி

ஓக்லி, ஜார்ஜியா
அக்டோபர் 5, திங்கள்

அன்பு மகள் டெலோராவுக்கு,

நம் தேவாலயச் சபையின் நிர்வாகக் குழு ஒன்றே முக்கால் மணி நேரம் கூடி விவாதித்து, ஏழுக்கு இரண்டு என்ற வாக்கில், சாப்பாட்டுக் கூடத்து ஃப்ரிட்ஜை இருபது நிமிடம் நிறுத்தி வைப்பதென்று முடிவு செய்தது. சபை தொடங்கிய இந்த நூற்றுப் பதினெட்டு வருடங்களில் இத்தனை துணிச்சலான முடிவை நான் கேள்விப்பட்டதில்லை. கூரை மாற்றியதுகூட ஏகமனதாக நடந்தது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சுகம், வலது முழங்கால் தனிக் கட்சி. அங்கே லாஸ் ஏஞ்சலஸில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. படத்தொகுப்பு முடியும்வரை போன் செய்ய வேண்டாம் என்று சொன்னாய், காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஒளிப்பதிவாளர் மாய்ராவும் அந்த ஒலிக்காரரும் செவ்வாய் மதியமே வந்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜின் உறுமல் பதிவில் விழுமாம், அதனால்தான் அந்த இருபது நிமிடம். திரும்பப் போட மறந்துவிடக் கூடாது என்று ஒலிக்காரர் தன் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்தார், அதைப் பார்த்த நம் சபைப் பொறுப்பாளர் டீக்கன் பைனம் என்னிடம் வந்து, பட்டணத்துக்காரங்க சாவியைக்கூட குளுகுளுன்னு வச்சுக்குறாங்கப்பா என்றார். உன் பெரிய படத்துக்கு இன்னும் ஒரே ஒரு காட்சிதான் பாக்கி என்பதும், பதினான்காம் தேதிக்குள் முழுப் படமும் போய்ச் சேராவிட்டால் அந்தத் திரைப்பட விழா உன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பதும், வாடகைக்காக யாருடைய தொடரிலோ உதவியாளராக இருப்பதால் உன்னால் கிளம்பி வர முடியவில்லை என்பதும் ஊருக்கெல்லாம் தெரியும், நான்தான் சொன்னேன். பத்தொன்பது வயதில் சலவைக் கடையில் துணி சுற்றுவதைப் பதினொரு நிமிடம் எடுத்தாயே, அதிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்து வருகிறேன். இரண்டாவது படத்தை ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போட்டார்கள், பார்த்தவர்கள் பதினான்கு பேர், அதில் ஒருவன் நான், இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கதையில் ஒரு நல்ல வெள்ளைக்கார டாக்டரைச் சேர்த்தால் பணம் போடுகிறேன் என்றாரே அந்தத் தயாரிப்பாளர், டாக்டருக்கு என்ன வேலை என்று நீ கேட்டதற்கு, அதைப் பிறகு யோசிக்கலாம் என்றாரே, அன்றைக்கு நீ அங்கிருந்து எழுந்து வந்த நடை உன் அம்மாவின் நடை. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் நான், நல்ல முடிவுள்ள கதை எது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஜன்னலோர இடம், அதில் வெள்ளைத் துணி, ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று நீ எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

ஆனால் நம் ஆட்களிடம் அந்தத் துணியைக் கேட்பது பெரும்பாடு என்பது உனக்கு மறந்துவிட்டது. சபையில் ஒரு மூத்த தாய் இறந்தால் மட்டும்தான் அவர் உட்காரும் இடத்தில் ஜெபம் செய்து அதைக் கட்டுவார்கள், முப்பது நாள் அங்கே யாரும் உட்காரக் கூடாது. பைனம் துணியை மடியில் வைத்துக்கொண்டு, யாரு செத்தது, பேரைச் சொல்லு, முடிச்சைப் போடறேன் என்றார். கதையில் ஒரு அம்மா என்றேன். அந்த அம்மா நம்ம சபையில அங்கத்தினரா என்று கேட்டார். பிறக்கவே இல்லை என்றேன். பொறக்காதவங்க சாகுறதுக்கு விதியில இடமில்லை அலான்ஸோ, அதோட ஆள் இல்லாம துணி கட்டினா அதுவா ஒரு ஆளைத் தேடும் என்றார். அப்படியானால் என் வெர்னிஸின் பெயரில் கட்டுங்கள் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நான்காம் வரிசையில் என் பக்கத்தில் உன் அம்மாவின் இடம் அப்படியேதான் இருக்கிறது. துணியை அவிழ்த்து மூன்று வருடம் ஆகியும் யாரும் அங்கே உட்காரக் கேட்பதில்லை, நானும் நகர்ந்து கொடுப்பதில்லை. பைனம் மடியிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, அவளுக்கு முப்பது நாள் முடிஞ்சு போச்சுப்பா, ரெண்டாம் தடவை எங்களை அழ வைக்காதே என்றார். மாய்ரா தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இரவு விமானம், அதை விட்டால் உனக்குக் கடைசிக் காட்சி கிடையாது.

அப்போதுதான் ஓஸெல்லா அம்மா கைத்தடியைத் தரையில் தட்டினார். சபைத் தாய்களில் அவர்தான் மூத்தவர், இப்போது தொண்ணூற்றிரண்டு. என் இடத்துல கட்டுங்கடா, எனக்குத்தானே சீக்கிரம் வேணும், எப்படி இருக்குன்னு என் கண்ணால பார்த்துட்டுப் போறேன், உங்க விதிக்கு ஆள் வேணும், இந்தா ஆள் என்றார். பைனம் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முன்கூட்டிக் கட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. துணியைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்க் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு புதன்கிழமை மதியம் வந்தார் ஓஸெல்லா அம்மா. பைனம் முறைப்படி ஜெபம் செய்து கட்டி முடித்ததும் ஓஸெல்லா அம்மா தள்ளி நின்று பார்த்து, பரவாயில்லை, இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு, நெஜமா கட்டுறப்போ சரி பண்ணிடு என்றார்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். கதவு திறந்திருந்தது, பூ மாற்ற வந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள், இரண்டாம் வரிசை ஜன்னலோரத்தில், ஓஸெல்லா அம்மாவின் இடத்தில் துணியைக் கண்டாள், யாரையும் எதுவும் கேட்காமல் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு மணி நேரத்தில் வெள்ளை உடுத்திக்கொண்டு இருபத்தாறு பேர், மூடிய தட்டுகளில் ஏழு மக்ரோனி சீஸ், நான்கு தட்டு பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், கேக். ஓஸெல்லா அம்மா வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். அவரைக் கண்டதும் இரண்டு பேர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள், ஒருத்தி, ஏன்மா இப்படிப் பண்ணீங்க, நான் அழுது முடிச்சுட்டேனே என்று சண்டைக்கே போனாள். தன் துக்கச் சாப்பாட்டை அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் செத்ததுக்காவது இந்த சாலட்டுல உப்பு போட்டிருக்கலாம் என்றார். யார் யார் வரவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு வெயில் அந்த மஞ்சள் கண்ணாடி வழியாக இறங்கியது. வந்தவர்களைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, எல்லோரும் கேமராவுக்குப் பின்னால் உள்ள பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஓஸெல்லா அம்மா நடைபாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கம் இருந்த தன் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையோட அமைதியை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு பண்ணணும், யாரும் அசையாதீங்க என்றார் ஒலிக்காரர். நம் சபையில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, இருந்தார்கள். தூசி வெளிச்சத்தில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. வெயில் சுவரிலிருந்து நழுவி பெஞ்சின் முதுகில் ஏறி முடிச்சின் மேல் வந்து நின்றது. அந்தத் துணி தானாக ஒளிர்வது போலவும், பெஞ்சுகள் எல்லாம் தண்ணீரில் மெல்ல மிதப்பது போலவும் எனக்குப் பட்டது. எந்த வருடம் என்பது நினைவில்லை. நீ எட்டு வயதில் என் மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்தேன், கால்கூட மரத்திருந்தது. பின்னால் எங்கோ ஒரு கைப்பையின் கொக்கி திறந்தது, உன் அம்மா கைக்குட்டை தேடும்போது கேட்குமே, அதே சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்போது ஓஸெல்லா அம்மா வாய் திறக்காமல் ஏதோ முனக ஆரம்பித்தார், பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சுக்குக் கொஞ்சம் மேலே. ஒலிக்காரர் மாய்ராவைப் பார்த்தார், அவள் விடு என்று கண்ணால் சொன்னாள். ஒரு நிமிடம் நான்கு நிமிடமாகியும் யாரும் போதும் என்று சொல்லவில்லை.

படம் பிடித்ததை எடுத்துக்கொண்டு அன்றிரவே அவர்கள் கிளம்பினார்கள், வியாழன் காலை உன் கையில் சேர்ந்திருக்கும். அந்த முனகலை வெட்டாதே, இது அப்பா சொல்லும் புத்தி, கேட்பதும் விடுவதும் இயக்குநரின் உரிமை. படக்காரர்கள் யாராவது உன் முடிவு புரியவில்லை என்று சொன்னால் உட்கார்ந்து விளக்காதே, இன்னொரு முறை போட்டுக் காட்டு. காபியை மட்டும் குடித்துக்கொண்டு இருக்காதே. கடைசியில் பெயர்கள் ஓடும்போது தன் பெயருக்கு முன்னால் டீக்கன் என்று முழுதாக வர வேண்டும் என்று பைனம் மூன்று முறை நினைவுபடுத்தினார், நானும் ஒருமுறை நினைவுபடுத்திவிட்டேன். கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், உன் படம் போகும் இடமெல்லாம் உனக்கு முன்னால் போய்க் கதவைத் திறக்கட்டும்.

என்றும் உன் அப்பா,
அலான்ஸோ டிஸ்டேல்

பி.கு. காட்சி முடிந்ததும் துணியை அவிழ்க்கப் போனேன். ஜெபம் செய்து கட்டியதை முப்பது நாளுக்கு முன் தொடக் கூடாது என்று பைனம் விதிப் புத்தகத்தைக் காட்டினார். அதனால் இம்மாதம் முப்பதாம் தேதி வரைக்கும் ஓஸெல்லா அம்மா நான்காம் வரிசையில் என் பக்கத்தில் உட்காருகிறார்.