ஆறாவது புகைவாய்

செவ்வாய்க் கோள், நாள் 212. காலை 07:10

காற்றளவை நிலையம், ஏழாம் கூடத்தின் வெளிச்சுவர். பதிபவர்: ஞானதிரவியம், அளவையாளர். கருவிகள் ஒழுங்கு. வடிகட்டி மாற்றினேன், கறுத்திருந்தது. தேநீர் ஆறிவிட்டது.

இதைக் கண்டெடுப்பவருக்குச் சிறு விளக்கம். இக்குடியிருப்பின் முதல் ஆறு கூடங்களில் நிறுவனர்களின் வம்சத்தார், வெள்ளையர். ஏழாவதில் சுரங்க வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர், எத்தியோப்பியர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள். உருக்காலைகளின் ஐந்து புகைவாய்களும் ஏழாவதின் பக்கமே திறக்கின்றன. அந்தப் பக்கத்துக் காற்றைத்தான் ஏழாவதின் எந்திரங்கள் உறிஞ்சிச் சுத்திகரித்து மூச்சுக்குத் தருகின்றன. ஒவ்வொரு புகைவாயும் தனியே வரம்புக்குள் என்று அனுமதி பெற்றது. ஐந்தையும் கூட்டிப் பார்க்கச் சட்டம் சொல்லவில்லை. ஆறாவதையும் கட்டி முடித்துவிட்டார்கள். அனுமதிதான் பாக்கி.

நாள் 213. மாலை 18:40

அனுமதி வழங்கும் வாரியத்தின் விசாரணையை ரேடியோவில் கேட்டேன். அனுமதி அதிகாரி எஸ்கலின், இளையவள், எழுந்து சொன்னாள்:

"ஒவ்வொண்ணா பாத்தா சட்டத்துல குத்தமில்ல. ஆனா அஞ்சும் ஏன் கறுத்த ஆளுங்க மூக்குக்கு நேராவே இருக்கு? சேத்து எண்ணுங்க. எண்ணிட்டு அனுமதி குடுங்க பாப்போம்."

ஏழாம் கூடத்தார் கைதட்டியதில் ரேடியோ கரகரத்தது. அதற்குள் 'எஸ்கலின் கணக்கு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அது என் கணக்கு. ஆண்டுதோறும் அறிக்கையின் கடைசி வரியில் எழுதி வந்திருக்கிறேன்: 'கூட்டிப் பார்ப்பது நலம் எனத் தோன்றுகிறது; தவறாகவும் இருக்கலாம்.' கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. அவள் படித்தாளா, தானே கண்டாளா? தானே கண்டிருந்தால் இன்னும் வலிக்கும்.

நாள் 215. பகல் 11:30

அவளுடைய எண்கள் என் சரிபார்ப்புக்கு வந்திருக்கின்றன. நான் 'சரி' என்று அனுப்பினால் ஆறாவது புகைவாய் திறக்காது. நாளை மாலை ஆறு மணிக்குள் பதில் போகாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று பொருள், உலையை மூட்டிவிடுவார்கள்.

ஒரு பிழை கண்டேன். ஒரு கருவியின் அளவை இரண்டு முறை கூட்டியிருக்கிறாள். மகிழ்ச்சியாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

அதைக் கழித்தாலும் வரம்பு மீறல்தான். அவள் சொன்னதே சரி.

நாள் 216. மாலை 16:20

ஏழாம் கூடத்து இசக்கியப்பன் ரேடியோவில் கூப்பிட்டார்: "என்ன அண்ணாச்சி, இன்னுமா கூட்டிக்கிட்டு இருக்கிய? நீங்க முடிக்கதுக்குள்ள எங்க பிள்ளையெல்லாம் இருமி இருமியே பெரிய ஆளாயிரும் போலுக்கே!"

பிறகு எஸ்கலின்: "சார், ஒரு கருவிய ரெண்டு தடவ எழுதிட்டேன். நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. உங்க அறிக்கையோட கடைசி வரியப் படிச்சுத்தான் சார் இதையே ஆரம்பிச்சேன்."

இதை விசாரணையில் ஏன் சொல்லவில்லை? கைதட்டும்போது ஏன் சொல்லவில்லை?

ரேடியோவை அணைத்தேன். இன்னொரு முறை சரிபார்க்கிறேன். முறைப்படி செய்வது தவறாகாது.

மாலை 18:25

அதே விடை. அனுப்பினேன். மணி ஆறைத் தாண்டியிருந்தது. வாரியத்தின் தானியங்கி: "பதில் தாமதம். ஆட்சேபம் இல்லை எனக் கொள்ளப்பட்டது. உலை மூட்டப்படுகிறது."

புகையளவியின் முள் ஏறுகிறது. ரேடியோவை மீண்டும் போட்டேன். இசக்கியப்பன் இப்போது கேலி பேசவில்லை. "அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. ஏதாச்சும் செய்யுங்க."

மணி ஆறடித்தது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எழுத நினைத்தேன்.

இரவு 19:05. தலைக்கவசப் பதிவு

ஆறாவது புகைவாயின் குழாய்க்குள் இருக்கிறேன். அடைப்பானைச் சாத்திவிட்டேன். அதன் பூட்டு மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை. தோளால் தாங்க வேண்டும். புகைக்கு வழியில்லாவிட்டால் உலை தானே அணையும். அணைய வேண்டும். கணக்கு அப்படித்தான். கடும் சூடு.

எஸ்கலின்: "சார், வெளிய வாங்க! வாரியத்தக் கூட்டியாச்சு, நான் பேசி நிறுத்துறேன். உங்களக் கும்பிடுறேன், வாங்க சார்!"

பேசுவாய். நீ நன்றாகப் பேசுவாய்.

19:40

அதிர்வு நின்றது. உலை அணைந்துவிட்டது. கவசத்தில் காற்று இல்லை. கால்கள் எங்கே என்று தெரியவில்லை.

ரேடியோவில் அறிவிப்பு. அனுமதி ரத்து. இனிமேல் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்களாம். கைதட்டுகிறார்கள். அவள் பெயரைச் சொல்லித்தான். எஸ்கலின், எஸ்கலின் என்று.

கண்டெடுப்பவரே. சாத்தியது நான். முதலில் கூட்டியதும் நான். ஞானதிரவியம். அவள் நல்ல பெண், அது வேறு. ஆனால் நான். தயவுசெய்து கடைசி வரியைப் படியு